வளையலும் கையும்: வீட்டு நாயின் முதல் ஈற்றுக்குத் தயாராவது எப்படி

ராத்திரி ஒரு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் தொடங்கும். "சாயங்காலத்துல இருந்து முக்கிக்கிட்டே இருக்குங்க, ஒண்ணும் வரல. காலையில வரைக்கும் பாக்கலாமா?" நான் மருத்துவர் இல்லை. பதினாறு வருஷமாக நாய் வளர்க்கிறேன். தெரு நாய்களையும் சேர்த்தால் முப்பது ஈத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. முக்க ஆரம்பித்தபோது மணி என்ன? எக்ஸ்ரேயில் எத்தனை குட்டி தெரிந்தது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், முதலில் வண்டியை எடுங்கள், மற்றதை வழியில் பேசலாம் என்பேன்.

இந்தக் கட்டுரை அந்தப் போன் வராமல் இருப்பதற்காக.

முதலில் எலும்பைப் புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் நாயை நிற்க வைத்து, இடுப்பின் மேல் கை வையுங்கள். முதுகு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு மேடுகள் தட்டுப்படும். அப்படியே வால் பக்கம் வாருங்கள், வாலுக்குக் கீழே இரு பக்கமும் இன்னும் இரண்டு முண்டுகள். இந்த நான்கு முனைகளுக்கு நடுவே இருப்பதுதான் குட்டி வெளியே வரும் பாதை. மேல்கூரையில் மூன்று முதுகெலும்புகள் ஒன்றாகச் சேர்ந்த திருவெலும்பு. இரண்டு சுவர்களிலும் இடுப்பெலும்புகள். தரையில் அந்த இரண்டும் நடுவில் ஒட்டியிருக்கும் இணைப்பு. சுற்றிலும் எலும்பு. கூரையின் பின்பாதி மட்டும் வால் எலும்புகள் என்பதால் அசைந்து கொடுக்கும்.

வளையல் கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மீதியை விளக்கவே வேண்டாம். கண்ணாடி வளையல் விரியாது. கைதான் ஒடுங்க வேண்டும். வளையல்காரர் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, சோப்பு நுரை போட்டு, கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி ஏற்றுவார். முட்டி தாண்டிவிட்டால் மீதி தானாக இறங்கும். நேராக வைத்து அழுத்தினால் வளையல் உடையும், கையும் கிழியும். இங்கே இடுப்பு வளையல், குட்டி கை, பனிக்குட நீர் சோப்பு.

பிரசவம் நெருங்கும்போது ரிலாக்சின் என்ற ஹார்மோன் இடுப்பின் தசைநார்களைத் தளர்த்தும். வாலடிக்கு இரு பக்கமும் சதை தொளதொளவென்று ஆகும், பிறப்புறுப்பு வீங்கி மெத்தென்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "எலும்பு விரிஞ்சு குடுக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. வளர்ந்த நாயின் எலும்பு வளையம் பெரிதாக விரிவதில்லை. தளர்வது சுற்றியுள்ள சதையும் நாரும்தான்.

இன்னொன்று. பாதை நேர்க்கோடு கிடையாது. குட்டி வயிற்றுக்குள்ளிருந்து மேலேறி, இடுப்பு வளையத்தின் முன்விளிம்பைத் தாண்டி, அதன்பின் கீழ்நோக்கிச் சரிந்து வெளியே வரும். ஒரு சின்ன மதகின் மேல் ஏறி இறங்குகிற மாதிரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கை வைக்க நேர்ந்தால் தேவைப்படும்.

இனச்சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டியவை

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நீண்ட ஒடுங்கிய தலை உள்ள நம்மூர் நாய்கள் பெரும்பாலும் யாரையும் எழுப்பாமல் ஈன்று முடித்துவிடும். விடிந்து பார்த்தால் சாக்கின் மேல் ஏழு குட்டிகள் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். தட்டை முக நாய்களின் கதை வேறு. பக், பிரெஞ்சு புல்டாக், புல்டாக் வகைகளில் குட்டியின் தலை உருண்டை, தோள் அகலம், தாயின் இடுப்போ அதற்கேற்ற அளவில் இல்லை. பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் மூன்றிலும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியனில் முடிந்திருந்தன. ஸ்காட்டிஷ் டெரியரில் சிக்கல் தலையில் இல்லை, இடுப்பு வளையமே மேலும் கீழும் அமுங்கித் தட்டையாக இருக்கும். அதாவது கை சரியான அளவு, வளையல் நசுங்கியது.

நம் ஊரில் நசுங்கிய வளையலுக்கு முக்கியக் காரணம் சாலை விபத்து. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பெட்டை நாய்களில் பலவற்றுக்கு எப்போதோ வண்டி ஏறி இடுப்பு உடைந்து, தானாகக் கூடியிருக்கும். நன்றாக ஓடும், குதிக்கும், வெளியே எதுவும் தெரியாது. உள்ளே எலும்பு கோணலாகச் சேர்ந்து பாதை பாதியாகியிருக்கலாம். பின்னங்கால் நடையில் லேசான சாய்வு இருந்தாலோ, அடிக்கடி மலம் கழிக்கச் சிரமப்பட்டாலோ ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளையம் குறுகியிருந்தால் கருத்தடை செய்துவிடுவதே நல்லது. ஏற்கெனவே சினை என்றால் சிசேரியனுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கிடா நாயின் அளவைப் பற்றியும் கேட்பார்கள். சின்ன ஜாதிப் பெட்டைக்குப் பெரிய ஜாதிக் கிடாவைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நாள் கணக்கு

முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாள், ஒன்றிரண்டு முன்பின். ஆனால் நாம் குறித்து வைப்பது இணை சேர்ந்த நாளை. விந்தணு பெட்டையின் உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும் என்பதால், சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எதுவும் இயல்புதான். துல்லியம் வேண்டுமென்றால் சேர்க்கைச் சமயத்தில், முட்டை எப்போது வெளிவருகிறது என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்து வையுங்கள். தட்டை முக நாய்க்கு இந்தச் செலவை நான் கட்டாயம் என்றே சொல்வேன், சிசேரியன் நாளைக் குறிக்க அது வேண்டும்.

நான்காவது வாரம் ஸ்கேன். சினைதானா, இதயம் துடிக்கிறதா என்பது அதில் தெரியும். எத்தனை குட்டி என்பதை ஸ்கேனில் நம்பாதீர்கள். எண்ணிக்கைக்கு 55-ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேதான். அதற்குள் குட்டிகளின் எலும்பு நன்றாக இறுகியிருக்கும், முதுகெலும்பையும் மண்டையையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். கதிர்வீச்சு குட்டிகளைப் பாதிக்குமோ என்று பயப்படுகிறார்கள். கடைசி வாரத்தில் எடுக்கும் ஒன்றிரண்டு படத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "பெரிய மண்டை இருக்கிற குட்டி இந்த வளையத்துக்குள்ள வருமா டாக்டர்?" சுற்றி வளைக்காமல் இப்படியே கேளுங்கள்.

ஒரே ஒரு குட்டிதான் தெரிகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். ஒற்றைக் குட்டி இடம் தாராளமாக இருப்பதால் பெரிதாக வளரும். பிரசவத்தைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்துதான் போக வேண்டும், ஒற்றைக் குட்டியின் சமிக்ஞை போதாமல் வலியே எடுக்காமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு இருந்தாலும் தொல்லைதான், கருப்பை அளவுக்கு மீறி இழுபட்டுச் சோர்ந்துவிடும்.

சொல்லப்போனால் வளையல் சரியாக இருந்தும் தள்ளுவதற்குத் தாயிடம் தெம்பில்லாத கதைதான் அதிகம். சுவீடனில் பிரசவச் சிக்கலோடு வந்த 182 நாய்களை ஆராய்ந்து 1994-ல் வெளியிட்டார்கள். அதில் முக்கால்வாசிக்குக் கோளாறு தாயின் பக்கம், அதிலும் பெரும்பகுதி கருப்பை சுருங்காமல் ஓய்ந்துபோனது. அதனால் "இடுப்பு பெருசு, பயமில்ல" என்று முழுசாக அசந்துவிடவும் முடியாது.

கால்சியம் டானிக் பற்றி

சினை என்று தெரிந்ததும் மெடிக்கலில் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுவது நம் வழக்கம். வேண்டாம். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் நிறையப் போனால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி சோம்பிப் போகும். பால் கொடுக்கும்போது திடீரென்று தேவை ஏறும், உடம்பால் ஈடுகொடுக்க முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் நிற்கும். கடைசி மூன்று வாரம் நல்ல தரமான குட்டி நாய் உணவை, சிறு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

இடமும் சாமானும்

ஆள் நடமாட்டம் குறைவான மூலையில், நாய் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து மடித்து வையுங்கள். சாக்கு விரித்தால் ஓரத்தில் நூல் தொங்காமல் வெட்டிவிடுங்கள், குட்டியின் கால் சிக்கும். கூட ஒரு தெர்மாமீட்டர், சமையலறைத் தராசு, கையுறை, வெந்நீரில் கொதிக்க வைத்த கத்தரியும் நூலும், அயோடின் கரைசல், உலர்ந்த துண்டுகள் ஆறேழு, மருந்துக்கடையில் கிடைக்கும் வழுவழுப்பு ஜெல்லி. ஒரு நோட்டும் பேனாவும். இதில் நோட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே அறுவைசிகிச்சை செய்ய ஆள் இருப்பார்களா என்பதை 55-ஆம் நாளிலேயே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். போர்டில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொட்டும் மழையில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றவன் சொல்கிறேன்.

வெப்பநிலை

57-ஆம் நாளிலிருந்து தினம் மூன்று வேளை ஆசனவாயில் வெப்பநிலை பாருங்கள். நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். சில மணி நேரம் மட்டுமே இறங்கியிருந்து மறுபடி ஏறிவிடும் என்பதால் ஒரு வேளை பார்த்தால் தவறிவிடும். சூடு இறங்கி ஒரு முழுநாள் ஆகியும் வலிக்கான அறிகுறியே இல்லையென்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

வலி எடுத்ததும்

முதல் கட்டத்தில் முக்கல் இருக்காது. நாய் மூச்சு வாங்கும், நடுங்கும், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போகும், வேட்டியைக் கிழித்துக் கூடு கட்டும். கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், தலைஈற்று என்றால் இன்னும் நீளும். அப்போது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கூட்டத்தைக் கண்டால் வலி நின்றுவிடும். அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மறுநாள் காட்டலாம்.

வயிறு இறுகி, வால் தூக்கி, முக்க ஆரம்பித்தால் இரண்டாம் கட்டம். அந்த நிமிடமே நோட்டில் மணியை எழுதுங்கள். எழுதவில்லையென்றால் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகத் தோன்றும், பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றும்.

குட்டி தலை முன்னே வரலாம், பின்னங்கால் முன்னே வரலாம். நாயில் பத்துக்கு நான்கு குட்டி பின்னங்கால் முன்னே வருவது சகஜம், பயப்படாதீர்கள். ஆனால் அப்படி வரும் குட்டி பாதியில் நின்றால் தாமதம் கூடாது. தலை இன்னும் உள்ளே இருக்கும், தொப்புள்கொடி இடுப்பெலும்பில் நசுங்கும். கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கி, வெறும் பிட்டமும் வாலும் மட்டும் வந்து அடைப்பதுதான் உண்மையான சிக்கல். தலை பக்கவாட்டில் மடங்கிக்கொள்வதும், குட்டி குறுக்காகக் கிடப்பதும் அதே மாதிரி. இவற்றை வீட்டில் சரிசெய்ய முடியாது.

எப்போது கிளம்ப வேண்டும்

இதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள்.

- பலமாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை.
- விட்டுவிட்டு லேசாக முக்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.
- முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வடிகிறது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், உள்ளே இருக்கும் குட்டிக்கு மூச்சு குறைகிறது. முதல் குட்டிக்குப் பிறகு பச்சை வருவது இயல்பு.
- உள்ளே குட்டி மீதி இருக்கிறது, கடைசிக் குட்டி பிறந்து இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது.
- குட்டியோ பனிக்குடமோ வாசலில் தெரிந்து பத்து நிமிடமாக அசையவில்லை.
- தாய் துவண்டு படுக்கிறது, நடுங்குகிறது, சிவந்த ரத்தம் நிறையப் போகிறது, நாற்றம் அடிக்கிறது.

இதில் மூன்றாவதுதான் என் பாடம். என்னுடைய முதல் பக், பெயர் மின்னி. ராத்திரி பதினொரு மணிக்கு வேட்டியில் ஒரு பச்சைக் கறை, கருவேப்பிலைச் சட்னி சிந்திய மாதிரி. போனில் விசாரித்த ஓர் அனுபவஸ்தர் "பக்குக்கு லேட் ஆகும், விடுங்க" என்றார். விட்டேன். எக்ஸ்ரேயும் எடுத்திருக்கவில்லை, எழுநூறு ரூபாய் எதற்கு என்று. மூன்று மணிக்கு மேல்தான் ஆட்டோ பிடித்தேன். சிசேரியனில் வெளியே எடுத்த மூன்றில் ஒன்றுதான் அழுதது.

கை வைக்கலாமா

குட்டியில் பாதி வெளியே வந்து நின்றால் மட்டும், அதுவும் வண்டி வரும் நேரத்துக்குள். நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கையுறை போடுங்கள். குட்டியைச் சுற்றி ஜெல்லியைத் தடவுங்கள். வழுக்காமல் இருக்க உலர்ந்த துணியால், தலை முன்னே என்றால் தோளைச் சுற்றி, கால் முன்னே என்றால் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். ஒற்றைக் காலையோ தலையை மட்டுமோ பிடிக்கக் கூடாது. தாய் முக்கும்போது மட்டும், அதன் குதிங்காலை நோக்கிக் கீழ்ப்பக்கமாக மெதுவாக இழுங்கள். மதகைத் தாண்டி இறங்கும் பாதை என்றேனே, அது இதற்குத்தான். நேராகப் பின்னால் இழுத்தால் எலும்பில் முட்டும். முக்கல் நிற்கும்போது நீங்களும் நிறுத்தி, பிடியை மட்டும் விடாமல் லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிக் கொடுங்கள், வளையல்காரர் மாதிரி. ஐந்து நிமிடத்தில் அசையவில்லையென்றால் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: "வலி ஊசி". ஆக்சிடோசினைத் தெரிந்த கடையில் வாங்கி வீட்டிலேயே போடுகிறார்கள். பாதை அடைத்திருக்கும்போது கருப்பையை வலுக்கட்டாயமாகச் சுருக்கினால் அது கிழியலாம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குட்டிகள் உள்ளேயே சாகலாம். மருத்துவர் முதலில் விரலாலும் எக்ஸ்ரேயாலும் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிகச் சிறிய அளவில்தான் போடுவார். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவதும் அப்படித்தான், பிரசவத்துக்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

மருத்துவமனையில்

நோட்டையும் எக்ஸ்ரேயையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குட்டிகளை அட்டைப் பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு கொண்டுபோங்கள். அங்கே ஸ்கேனில் குட்டியின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 180-க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் குட்டி திணறுகிறது, 160-க்கும் கீழே என்றால் தாமதிக்காமல் அறுவைசிகிச்சை. "ஊசி போட்டுப் பாருங்க டாக்டர், ஆபரேஷன் வேண்டாம்" என்று மருத்துவரோடு பேரம் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரம் பேசுகிற நேரத்தில் குறைவது துடிப்புதான்.

குட்டி வந்ததும்

தாய் பனிக்குடத்தைக் கிழிக்கவில்லையென்றால் முகத்திலிருந்து முதலில் நீங்கள் கிழியுங்கள். வாயைத் துடைத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, துண்டால் முதுகைச் சுறுசுறுவென்று தேயுங்கள். குட்டியைத் தலைகீழாக வீசி உதறும் பழைய பழக்கம் வேண்டாம், மூளையில் ரத்தம் கசியும். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கட்டி வெட்டி, நுனியில் அயோடின் தொட்டுவிடுங்கள். எடையை எழுதுங்கள். முதல் நாளே சீம்பால் குடித்தாக வேண்டும். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னை மே மாதத்தில் மின்விசிறியை அணைத்தாலே போதும், மார்கழியில் ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி விழுந்ததா என்று எண்ணுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்றால் பரவாயில்லை, எல்லாவற்றையும் தின்றால் வயிற்றால் போகும். எண்ணிக்கை குறைந்தால் மறுநாள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை தாயைக் கவனியுங்கள், சின்ன ஜாதி நாயாக இருந்தால் இன்னும் கூடுதலாக. விறைத்து நடப்பது, காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, தசை துடிப்பது எதைக் கண்டாலும் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கூட்டிப் போங்கள். கால்சியம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றும் கால்சியம்தான் காப்பாற்றும், வாயில் ஊற்றுவது பத்தாது.